ஆறடி மருமகளுக்கு அளவு ஜாக்கெட்

கேள்வி: என் மூத்த மருமகள் நெதர்லாந்துப் பெண். மூன்று வருடம் ஷாங்காயில் இருந்துவிட்டு, போன சித்திரையில் மகனும் அவளும் பொள்ளாச்சிக்கே வந்துவிட்டார்கள். உயரம் 5 அடி 11 அங்குலம். மார்பு 42, இடுப்பு 35, சீட் (பின்புறச் சுற்று) 46. எந்தக் கடைக்குப் போனாலும் “இவங்க சைஸ் இல்லீங்க” என்கிறார்கள். ஷாங்காயிலும் இதே கதைதானாம். டபுள் எக்ஸ்எல் வாங்கினால் கழுத்து தோளை விட்டு நழுவுகிறது, கை மணிக்கட்டுக்கு வரமாட்டேன் என்கிறது. உள்ளூர் டெய்லரிடம் என் ஜாக்கெட்டையே அளவுக்குக் கொடுத்து, நாலு அங்குலம் கூட வைத்துத் தைக்கச் சொன்னேன். போட்டுப் பார்த்தவள் கையைத் தூக்க முடியாமல் அறைக்குள் போய் அழுதுவிட்டாள். இப்போது என் மகனின் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். தை மாதம் சின்னவனுக்குக் கல்யாணம். “நான் வராவிட்டால் கோபித்துக்கொள்வீர்களா அம்மா?” என்று கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

— ஒரு மாமியார், பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள அக்கா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை தையல்காரியாகப் படித்தேன். இரண்டாவது முறை அந்தக் கடைசி வரிக்காகப் படித்தேன். ஒரு பெண் சொந்தக் கொழுந்தனார் கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குத் துணி அவரை விரட்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும். தை மாதத்துக்குள் செய்துவிடலாம்.

முதலில் அந்த ஜாக்கெட் ஏன் கெட்டது என்று சொல்கிறேன். உங்கள் டெய்லர் நல்லவர்தான். நீங்கள் கேட்டதைத்தான் செய்தார். ஆனால் நாலு அங்குலத்தை எங்கே கூட்டினார்? பக்கவாட்டில். அகலம் கூடியது, நீளம் கூடவில்லை. உங்கள் தோளிலிருந்து டாட் பாயிண்ட், அதாவது மார்பு முனை, வரை பத்து அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகளுக்கு அது பதினொன்றரை இருக்கும். உங்கள் ஜாக்கெட்டின் உயரம் 14 என்றால் அவருக்குப் பதினாறரை வேண்டும். கைக்குழி உங்களுக்கு வெட்டிய ஆழத்திலேயே இருந்ததால் அது அவருடைய அக்குளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலே வரும், இல்லாவிட்டால் தையல் பிரியும். அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பது நம் ஊரில் நல்ல பழக்கம். ஆனால் அந்த அளவு ஜாக்கெட் அவருடையதாக இருக்கவேண்டும்.

ரெடிமேடிலும் இதே கணக்குதான். கடைக்காரப் பெண் டபுள் எக்ஸ்எல், ட்ரிபிள் எக்ஸ்எல் என்று எடுத்துப் போடும்போது, சைஸ் ஏற ஏற எல்லாமே ஏறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சுற்றளவு மட்டும்தான் தாராளமாக ஏறும். நீளம் அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஏறினால் பெரிது. அந்தச் சட்டை ஐந்தடி உயரத்தில் பருமனாக இருக்கும் பெண்ணை மனதில் வைத்து வெட்டியது. உங்கள் மருமகள் பருமன் இல்லை அக்கா. அவர் நீளமானவர், எலும்பு அகலமானவர். அதனால்தான் கழுத்து நழுவுகிறது, இடுப்பு வளைவு விலா எலும்பில் போய் நிற்கிறது, கை குட்டையாகிறது. நெதர்லாந்தில் பெண்களின் சராசரி உயரம் 170 செ.மீ.க்கு நெருக்கம். நம் நாட்டில் 152, 153. நெதர்லாந்துச் சராசரியை விடவும் உங்கள் மருமகள் பத்து செ.மீ. உயரம். நம் ஊர்க் கடையின் ஹேங்கரில் அவருக்கான துணி தொங்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதை அவரிடம் இப்படியே, எண்களோடு சொல்லுங்கள். “உன் உடம்பு பெருசு” என்பதற்கும் “இந்தத் துணியை உன்னைவிட ஒரு அடி குள்ளமான ஆளுக்கு வெட்டியிருக்காங்க” என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

ஷாங்காய் கதைக்கும் காரணம் உண்டு. சீனத் துணிகளில் 165/88ஏ என்பது போல ஒரு லேபிள் இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது எண் மார்பு, இரண்டும் செ.மீ.யில். ‘ஏ’ என்பது மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம் 14 முதல் 18 செ.மீ. வரை என்று காட்டும். உங்கள் மருமகளின் 42 அங்குலம் ஏறத்தாழ 107 செ.மீ. உயரம் 180. சாதாரணக் கடையில் 175/96 கண்ணில் பட்டாலே பெரிய விஷயம். ஜப்பானில் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பெண்கள் துணிக்கான அட்டவணையில் சாதாரண உயரம் 158 செ.மீ., ‘உயரமானவர்’ என்ற பிரிவே 166 செ.மீ. அவர் எதையும் சாப்பிட்டு அந்த அட்டவணையை விட்டு வெளியே வரவில்லை. அது அவருக்காகப் போட்ட அட்டவணையே இல்லை. சீன லேபிளில் உயரமாவது எழுதியிருக்கிறது. நம் ஊர் லேபிளில் எம், எல் என்ற எழுத்துதான், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நம் மக்களுக்கென்று பொது அளவு அட்டவணை தயாரிக்க, நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் பெரிய வேலையைக் கையில் எடுத்ததே அண்மைக் காலத்தில்தான்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் மருமகளுக்கு முதலில் தைக்கவேண்டியது பட்டு ஜாக்கெட் இல்லை, காடா ஜாக்கெட்.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிகளில் வருகிற வெளுக்காத காடாத் துணி உங்களுக்குத் தெரியும். மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் முதல் ஜாக்கெட்டையும் முதல் குர்தாவையும் வெட்டிப் பார்க்கவேண்டும். வெட்டினாலும் கிழித்தாலும் மனம் பதறாத துணி அது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியின் பேட்டர்ன் மேஜையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, கோவையில் சொந்தமாகக் கடை போட்ட புதிதில், அயர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை ஜாக்கெட் தைக்க வந்தார். எனக்கு இருந்த தைரியத்தில் மார்பு அளவை எடுத்து, அதில் கால் பங்கு, ஆறில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நாம் வழக்கமாகப் போடும் கணக்கில் தோள், கழுத்து, கைக்குழி எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். அந்தக் கணக்கு நம் பெண்களின் உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கணக்கு. அது அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, போர்டில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர் கொண்டுவந்த துணி வீணாகிப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை, “என் தோள் ரொம்ப அகலம், மன்னியுங்கள்” என்றார். என் தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து யாருக்கும் கணக்குப் போட்டு மட்டும் வெட்டுவதில்லை. எல்லா அளவையும் உடம்பிலிருந்தே எடுக்கிறேன், காடாவில் போட்டுப் பார்க்கிறேன்.

அளவு எடுக்கும்போது மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் போதாது. தோள் முனைக்குத் தோள் முனை, முதுகு அகலம், முன்மார்பு அகலம், தோளிலிருந்து டாட் பாயிண்ட், டாட் பாயிண்டுக்கு டாட் பாயிண்ட், தோளிலிருந்து இடுப்பு முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக, மேல்கைச் சுற்று, முழங்கையை மடக்கிவைத்துக் கை நீளம், இடுப்பிலிருந்து தரை. இவ்வளவும் வேண்டும். பெண் டெய்லர் எடுக்கட்டும். வீட்டு அறையில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது எடுங்கள். டேப்பை வைக்கும் முன் “இங்கே தொடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள். எண்களைச் சத்தமாகக் கூவவேண்டாம், தாளில் எழுதினால் போதும். நாத்தனார், சித்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று, அவருக்குப் பழக்கமில்லை.

இன்னொரு சங்கதி, பெரும்பாலும் யாரும் பேசாதது. நாம் ஜாக்கெட்டை உடம்போடு ஒட்டித் தைக்கிறோம். அதுதான் நமக்கு ‘கரெக்ட் ஃபிட்டிங்’. அவருக்கு அது மூச்சு முட்டுகிற துணி. அவர் “லூஸாக வேண்டும்” என்றால் டெய்லர் நாலு அங்குலம் விட்டுத் தொளதொள என்று தைத்துவிடுவார். அதனால் லூஸ், டைட் என்ற சொற்களையே விட்டுவிடுங்கள். உடம்பு அளவு 42, தைக்கும் அளவு 44 என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள். சேலை ஜாக்கெட்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம், குர்தாவுக்கு மூன்றிலிருந்து நாலு அங்குலம் கூட இருந்தால் அவருக்குச் சரிவரும்.

காடாவைப் பெரிய தையலாகப் போட்டு, நடுக்கோடு, மார்புக் கோடு, இடுப்புக் கோடு மூன்றையும் பென்சிலில் வரைந்து, அவரைப் போடச் சொல்லுங்கள். எந்த உள்ளாடையைக் கல்யாணத்தில் போடப்போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டுதான். இப்போது துணியைப் பார்க்கவேண்டும். போன மாதம் என் கடையில் இவரைப் போலவே உயரமான ஒரு பெண் நின்றார். காடாவில் அக்குளிலிருந்து மார்பு முனையை நோக்கி ஒரு சாய்ந்த சுருக்கம் ஓடியது. முன்பக்கம் நீளம் போதவில்லை என்று அர்த்தம். மார்புக் கோட்டுக்கு மேலே கத்தரியால் குறுக்கே நேராக வெட்டினேன். துணி தானாகவே விரிந்து முக்கால் அங்குலம் வாயைத் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு துண்டுக் காடாவை வைத்துக் குண்டூசி குத்தினேன். சுருக்கம் போய்விட்டது. முதுகில் இரண்டு கைக்குழிக்கும் நடுவே கயிறு இழுத்த மாதிரி ஒரு குறுக்குச் சுருக்கம் இருந்தது, அங்கே முதுகு அகலம் ஒரு அங்குலம் போதவில்லை. நடு முதுகைப் பிரித்து விட்டோம். கையைத் தூக்கினார், மார்புக்குக் குறுக்கே கட்டினார், ஸ்கூட்டர் ஓட்டுகிற மாதிரி முன்னால் நீட்டினார். கண்ணாடியைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு தடவை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சுருக்கம் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேதான் துணி போதவில்லை. உங்கள் டெய்லருக்கு இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அனுபவம் உள்ளவர் என்றால் பிடித்துக்கொள்வார். திருத்திய காடாவைப் பிரித்து, பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டி வைத்துவிடுங்கள். அதுதான் உங்கள் மருமகளின் அளவு ஜாக்கெட். அதன் பிறகு எந்த ஊர் டெய்லரிடம் போனாலும் அந்தப் பேப்பரை நீட்டினால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வியட்நாமின் ஹோய் ஆனில், பாங்காக்கில் ஓரிரு நாளில் தைத்து வாங்குகிறார்களே, அங்கேயும் நன்றாகப் பொருந்தி வருவது பெரும்பாலும், தனக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய துணியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியவர்களுக்குத்தான்.

துணி வாங்கும்போது கவனம். கடையில் செட்டாக வரும் சுடிதார் மெட்டீரியலில் டாப்புக்கு இரண்டு, இரண்டரை மீட்டர்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே வரும் குர்தா என்றால் அவருக்கு உயரம் மட்டுமே 46 அங்குலம், முன்னும் பின்னும் சேர்ந்து 92, அப்புறம் கை. 44 அங்குல அகலத் துணியில் மூன்று மீட்டர் வேண்டும். மீட்டர் துணியாகவே எடுங்கள். சேலையோடு வரும் 80 செ.மீ. ஜாக்கெட் துணியும் முழங்கை வரை கை வைத்தால் பத்தாது. ஒன்றேகால் மீட்டர் தனியாக எடுத்துவிட்டு, சேலைத் துண்டைக் கையின் ஓரத்துக்கு வைத்துத் தையுங்கள், அழகாகவே இருக்கும். காட்டன் லைனிங்கை ஊறவைக்காமல் பட்டோடு சேர்த்துத் தைத்தால் முதல் முறை நனையும்போதே உள்ளே சுருங்கி, வெளியே பட்டு கொப்பளித்துக்கொண்டு நிற்கும். இதை எத்தனை டெய்லரிடம் சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள், நீங்களே ஊறவைத்துக் கொடுத்துவிடுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

சேலை அவருக்கு உயரம் பத்தாது என்று பயப்படவேண்டாம். அவருடைய உயரத்துக்கு இடுப்பிலிருந்து தரை வரை ஏறத்தாழ 43, 44 அங்குலம் இருக்கும். பெரும்பாலான சேலைகளின் அகலம் 45 முதல் 48. கடையிலேயே டேப்பை வைத்து அளந்து, 47க்குக் குறையாத சேலையாக எடுங்கள், செருகுவதற்கு மூன்று அங்குலம் கிடைத்துவிடும். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். அவருக்கு அது தேவையும் இல்லை. ரெடிமேட் உள்பாவாடை 38, 40 உயரத்தில்தான் வரும், 42க்குத் தைத்துக்கொள்ளுங்கள். சீட் 46 என்பதால் கொசுவம் ஒன்றிரண்டு குறையும், அதில் குறை ஒன்றும் தெரியாது. முதல் முறையே கனமான பட்டில் ஆரம்பிக்காதீர்கள். நெகமம் உங்கள் ஊர்ப் பக்கம்தானே? ஒரு நெகமம் காட்டன் சேலையை எடுத்துக் கொடுத்து, வீட்டில் நாலு நாள் கட்டிப் பழகட்டும். சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடந்து பார்த்தவருக்குத்தான் மண்டபத்தில் பயம் இருக்காது.

தினசரி உடைக்கு, திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். நம் நாட்டுப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற ஊர் அது. ஐரோப்பாவுக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு அங்கே கடை கடையாகக் குவிந்திருக்கும். அந்த டி-ஷர்ட்டையும் லெக்கிங்ஸையும் நைட் டிரஸையும் அவரைப் போன்றவர்களின் உயரத்துக்குத்தான் வெட்டியிருப்பார்கள். நான் வெட்டிய பேட்டர்ன்களிலேயே ஐரோப்பாவுக்குப் போகும் டி-ஷர்ட் நம் ஊர் டி-ஷர்ட்டை விட இரண்டு அங்குலம் நீளம். அவர் ஊரில் வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். வாங்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்கள், பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள். லேபிளில் உள்ள எண்ணை நம்பாமல், அவருக்குப் பொருந்தும் ஒரு பழைய டி-ஷர்ட்டைக் கையோடு கொண்டுபோய் மேலே விரித்து வைத்துப் பாருங்கள்.

பேன்ட்தான் கஷ்டம். பெண்கள் பிரிவில் உள்கால் நீளம் 28, 30க்கு மேல் போகாது, அவருக்கு 33, 34 வேண்டும். இரண்டரை மீட்டர் லினனோ காட்டனோ எடுத்துத் தைத்துக்கொள்வதுதான் வழி. ஜீன்ஸ் மட்டும் ஆண்கள் பிரிவில் சீட்டுக்குச் சரியாக வரும் அளவை எடுத்து, பின் இடுப்பில் பிரித்துப் பிடிக்கச் சொல்லலாம். செருப்பும் அப்படித்தான். அவர் ஐரோப்பிய 42 போடுபவர் என்றால் இங்கே 8. பெண்கள் பிரிவில் 7, 8 வந்ததும் முடிந்துவிடும், ஆண்கள் பிரிவில் தோல் சாண்டல் நல்லதாகக் கிடைக்கும்.

உள்ளாடையில் எண் குழப்பம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலும் சீனாவிலும் பிராவின் எண் மார்புக்குக் கீழ்ச் சுற்று, செ.மீ.யில். இங்கே 34, 36 என்று இருக்கும். அவர் ஊர் 75 இங்கே 34, 80 என்றால் 36, 85 என்றால் 38. எழுத்து டி வரை ஒன்றுதான், அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். கடையில் கப் சைஸ் இல்லை என்று இதற்கு அடுத்த பெரிய எண்ணைக் கொடுத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். கீழ்ச் சுற்று தளர்ந்தால் எந்த ஜாக்கெட்டும் உட்காராது. கிடைக்காவிட்டால், ஊருக்குப் போய்வரும்போது நாலைந்து வாங்கி வரச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாண வீட்டில் “எவ்வளவு உயரம்!”, “நல்லா பெரிய உடம்பு” என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அவருக்கு இப்போது தமிழ் புரிகிறது. பக்கத்தில் நீங்கள் நின்று, “என் மருமக ஜாக்கெட்டப் பாருங்க, எப்படி உட்கார்ந்திருக்கு!” என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

தை முகூர்த்தம் என்றால் ஐப்பசிக்குள் காடா வேலை முடியட்டும். கார்த்திகையில் ஒரு சாதாரண காட்டன் ஜாக்கெட்டைத் தைத்துப் போட்டுப் பழகட்டும். மார்கழி முதல் வாரத்தில் பட்டைக் கத்தரிக்கலாம். மார்கழியில் புதிது வெட்டக்கூடாது என்று உங்கள் வீட்டில் வழக்கம் இருந்தால் கார்த்திகைக் கடைசியிலேயே வெட்டி, தைப்பதை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோவைக்கு வர முடிந்தால் காடாவையும் மருமகளையும் என்னிடமே அழைத்து வாருங்கள். வரும்போது கல்யாணத்துக்குப் போடப்போகும் செருப்பும் கையில் இருக்கட்டும். உள்பாவாடை உயரத்தை அதைப் போட்டு நிற்கவைத்துத்தான் குறிக்கவேண்டும்.